உழைக்கும்போதே உண்மை தெரியும்



"நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது" என்று சொல்லி வருகிறவர்கள் பலர். படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தால் பல வேளைகளில் குறையொன்றும் தெரிவதில்லை. காரணம் என்ன?

தாமிரபரணிப் பாசனத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கொஞ்சமாய்த் தண்ணீர் ஓடும்போது மண் மேவிய கால்வாயும் நல்ல கால்வாயும் ஒன்றுபோலவே தோன்றும். கார் நடவுக்கு வயல்கள் எல்லாம் ஒருசேரத் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைமடை காய்வது தெரியும். இருதயத்தின் கரோனரி இரத்தக்குழாய்களும் அப்படியே. பாதிக்குமேல் அடைபட்ட குழாயும் ஓய்வில் போதிய இரத்தம் கொடுத்துவிடும். உழைக்கும் இருதயமோ மூன்று, நான்கு மடங்கு கேட்கிறது.

ஆகவே பெரிய மருத்துவமனைகளில் நோயாளியை டிரெட்மில்லில் நடக்கவைத்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுகிறார்கள். உழைப்பின் உச்சத்தில் சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசிமூலம் செலுத்தி, பின்பு படமெடுக்கிறார்கள். இரத்தம் குறைவாய்ச் சென்ற இடம் மங்கலாய்த் தெரியும். ஓய்வில் எடுத்த படத்தில் அதே இடம் தெளிவாயிருந்தால், குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று அறிகிறார்கள்.

எவ்வளவு உழைப்பு வேண்டும்? 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தையாவது நாடித்துடிப்பு எட்டவேண்டும் என்பது பொதுவான கணக்கு. 60 வயதானவருக்கு அது நிமிடத்துக்கு 136. அதற்கு முன்பே நிறுத்திவிட்டால் உள்ள அடைப்பும் படத்தில் மறைந்துபோகலாம். "நார்மல்" என்ற தாளை நம்பி நோயாளி வீடு திரும்பிவிடுவார். அட்டெனலால் போன்ற மாத்திரைகளும் துடிப்பை ஏறவிடாது. மருத்துவர் சொன்னால் மாத்திரமே அவற்றை முன்கூட்டி நிறுத்தவேண்டும்.

முழங்கால் வலியால் நடக்க இயலாதவர்களுக்கும் வழி உண்டு. அடினோசின், டொபுடமின் போன்ற மருந்துகளை ஏற்றி, நடக்காமலே இப்பரிசோதனையைச் செய்யலாம்.

உங்கள் சபையில் யாருக்காவது இப்பரிசோதனை சொல்லப்பட்டால், தயவுசெய்து உடன் செல்லுங்கள். கூச்சத்தினால் பாதியில் இறங்கிவிடாதபடி தைரியம் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நடக்க முடியாதென்றால் அதை முன்னமே தெரிவிக்கட்டும்.

பரிசோதனைச் செலவுக்கும் பயணச் செலவுக்கும் வழியில்லாத ஏழை நோயாளிகளை உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.