சீட்டு அப்படியே இருக்கும், கீழே டேங்க் ஏறும்! பழைய பயணிகள் விமானம் 'பறக்கும் பங்க்' ஆவது எப்படி?

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு பைக்கில் போறீங்க. பாதி வழியில் ரிசர்வ் விழுந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க? அடுத்த பங்க் வரைக்கும் மெதுவா ஓட்டுவீங்க. அதுவும் முடியலைன்னா நண்பனுக்கு போன் போடுவீங்க. இதே நிலைமை, கடலுக்கு மேலே 20,000 அடி உயரத்தில் பறக்கிற ஒரு போர் விமானத்துக்கு வந்தா?

சின்ன வயசுல எங்க ஊர் வைகைப் பாலத்தில் நின்னு, வானத்தில் வெள்ளைக் கோடு போட்டுப் போற விமானத்தைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தாவிடம் இதைத்தான் கேட்பேன். "இறங்கி ஊத்திக்கிட்டுப் போவாங்கடா" என்பார். பயணிகள் விமானத்துக்கு அந்தப் பதில் சரி. ஆனா போர் விமானங்களுக்கு, இறங்காமலே ஊத்துற வழி ஒண்ணு இருக்கு. இன்னொரு விமானம் பக்கத்தில் பறந்து வந்து எரிபொருள் கொடுக்கும். அந்த 'பறக்கும் பங்க்'குகளில் பல, ஒரு காலத்தில் டிக்கெட் வாங்கின பயணிகளைச் சுமந்தவை.

முழு டேங்கோட கிளம்பினா போதாதா?

போதாது. ஒரு விமானம் இவ்வளவு எடையோடதான் மேலே எழும்ப முடியும்னு ஒரு வரம்பு உண்டு. குண்டு, ஏவுகணையை அதிகமா ஏத்தினா எரிபொருளைக் குறைக்கணும். எரிபொருளை நிரப்பினா ஆயுதத்தைக் குறைக்கணும். அதனால் ஆயுதத்தோட கிளம்பி, மேலே போய் டேங்கை நிரப்பிக்கிறதுதான் புத்திசாலித்தனம். இங்கே ஊத்துறது பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தமான ஜெட் எரிபொருள்.

தஞ்சாவூரையே எடுத்துக்கோங்க. 2020 ஜனவரி 20-ல் அங்கே சுகோய்-30 விமானங்களின் 'டைகர்ஷார்க்ஸ்' படைப்பிரிவு தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய்-30 படைப்பிரிவு அது. இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கிறது முக்கிய வேலை. ஒரு சுகோய் முழு டேங்கோட சுமார் 3,000 கி.மீ. பறக்கும். ஆனா போன தூரம் திரும்பியும் வரணுமே! நடுக்கடலில் பங்க் கிடையாது. பங்க்தான் தேடி வரணும்.

ஓடுற ரயிலில் டோக்கன் வாங்குற மாதிரி

மீட்டர்கேஜ் காலத்தில், நிற்காமல் போகும் ரயிலுக்கு ஸ்டேஷன் ஊழியர் ஒரு பெரிய வளையத்தில் டோக்கனை மாட்டி நீட்டுவார். இன்ஜினில் இருப்பவர் கையை நுழைத்து அதை வாங்கிக்கொள்வார். வானத்திலும் கிட்டத்தட்ட அதே வித்தைதான், ஆனா இங்கே கொடுக்கிறவரும் ஓடிக்கிட்டே இருப்பார்.

டேங்கர் விமானம் வேகம் மாறாமல் நேராகப் பறக்கும். அதிலிருந்து நீளமான ஹோஸ் ஒன்று பின்னால் நீளும். அதன் நுனியில் பேட்மின்டன் ஷட்டில்காக் மாதிரி ஒரு கூடை. போர் விமானத்தின் மூக்கருகே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பைலட் பின்னாலிருந்து மெதுவா நெருங்கி, அந்தக் குழாயைக் கூடைக்குள் செருகணும். ரெண்டு விமானமும் மணிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் பறந்தாலும், நெருங்கும் வேகம் நாம நடக்கிற வேகம்தான். 2018 செப்டம்பரில் நம்ம தேஜஸ் விமானம் முதன்முதலா இப்படி 1,900 கிலோ எரிபொருளை வாங்கியது. அமெரிக்க விமானப்படையில் இன்னொரு முறை பிரபலம். டேங்கரில் இருப்பவரே ஒரு கெட்டியான குழாயை இறக்கி, கீழே வரும் விமானத்தில் பொருத்துவார்.

பயணிகள் விமானம் எதுக்கு?

சரக்கு ஏத்தின பழைய லாரி தண்ணி டேங்கரா மாறி நம்ம தெருவுக்கு வருதே, அதே கணக்குதான். நீண்ட தூரப் பயணிகள் விமானத்துக்கு ஏற்கெனவே பெரிய டேங்க் இருக்கு. லக்கேஜ் வைக்கும் கீழ்த்தளத்தில் கூடுதல் டேங்குகளைப் பொருத்தலாம். மேலே சீட்டுகள் அப்படியே இருக்கும். அதனால் ஒரே விமானம் வீரர்களையும் ஏத்திக்கிட்டுப் போகும், எரிபொருளும் கொடுக்கும்.

இதை நல்லாப் பயன்படுத்தியது பிரிட்டன். 1982 ஃபாக்லாந்து போரில் அட்லான்டிக் நடுவிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானத்தை அனுப்ப, 11 விக்டர் டேங்கர்கள் தேவைப்பட்டன. போக வர சுமார் 12,000 கி.மீ.! டேங்கருக்கே இன்னொரு டேங்கர் எரிபொருள் கொடுத்து அனுப்ப வேண்டிய நிலை. பெரிய டேங்கரின் அருமை அப்போ புரிஞ்சது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ஏர்வேஸிடமிருந்து 6, பான் ஆம் நிறுவனத்திடமிருந்து 3 என ஒன்பது பழைய லாக்ஹீட் ட்ரைஸ்டார் விமானங்களை பிரிட்டன் விமானப்படை வாங்கியது. மூணு இன்ஜின் கொண்ட இதே ட்ரைஸ்டாரைத்தான் இலங்கையின் ஏர் லங்காவும் 1980-களில் ஓட்டியது. டேங்கராக மாறியவற்றில் கீழ்த்தள டேங்குகளால் மட்டும் சுமார் 45 டன் எரிபொருள் கூடியது. மொத்தம் 136 டன்னுக்கு மேல். அதாவது 20,000 லிட்டர் டேங்கர் லாரி எட்டு!

ஈராக், ஆப்கானிஸ்தான் என்று சுமார் 30 வருஷம் உழைத்த ட்ரைஸ்டார் 2014 மார்ச்சில் ஓய்வு பெற்றது. கடைசிக் காலத்தில் பழுது, தாமதம் என்று புகார்களும் குவிந்தன. அதன் இடத்துக்கு வந்ததும் ஒரு பயணிகள் விமான ரகம்தான்: ஏர்பஸ் ஏ330. ஆனா இந்த முறை வந்தது புதுசு. 2020 ஜூலையில் நம்ம முதல் ரஃபேல்கள் பிரான்ஸிலிருந்து கிளம்பி வந்தபோது, நடுவானில் எரிபொருள் கொடுத்த பிரெஞ்சு டேங்கரும் இதே ஏ330 ரகம்தான்.

நம்ம கதை என்ன?

இந்திய விமானப்படையிடம் இருப்பது 2003-லிருந்து சேர்ந்த ஆறே ஆறு ஐ.எல்-78 டேங்கர்கள். இவை பயணிகள் விமானத்திலிருந்து வந்தவை இல்லை. ரஷ்ய சரக்கு விமான ரகம். 2010 முதல் 2016 வரை இவை சராசரியா 49 சதவீதம்தான் பறக்கத் தயாராக இருந்தன, 70 சதவீதம் இருந்திருக்கணும் என்று சி.ஏ.ஜி அறிக்கை 2017-ல் சுட்டிக்காட்டியது. எளிமையா சொன்னா, ஆறில் மூணுதான் கைக்கு.

புது ஏ330 டேங்கர்களை வாங்க ரெண்டு தடவை முயற்சி நடந்தது. ரெண்டுமே விலைப் பிரச்னையில் நின்றுபோனது. 2022 ஏப்ரலில் பயணிகள் விமானங்களை இந்தியாவிலேயே டேங்கராக மாற்ற ஹெச்.ஏ.எல் நிறுவனமும், இஸ்ரேலின் ஐ.ஏ.ஐ நிறுவனமும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2025 மார்ச்சில் மெட்ரியா என்ற தனியார் நிறுவனத்திடமிருந்து ஒரு கேசி-135 டேங்கரை, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க வாடகைக்கு எடுக்க பாதுகாப்பு அமைச்சகம் கையெழுத்திட்டது. அதே ஆண்டு அக்டோபரில், பழைய போயிங் 767 பயணிகள் விமானங்கள் ஆறை ஐ.ஏ.ஐ மூலம் டேங்கராக மாற்றி வாங்கும் சுமார் 8,000 கோடி ரூபாய்த் திட்டம் பற்றிச் செய்திகள் வந்தன.

செகண்ட் ஹேண்ட் சரியா?

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போது நாம என்ன பார்ப்போம்? எத்தனை கி.மீ. ஓடியிருக்கு, சர்வீஸ் ஒழுங்கா நடந்திருக்கா, ஸ்பேர் கிடைக்குமா. இங்கேயும் அதே மூணு கேள்விதான். விலை குறைவு, வேலை சீக்கிரம் முடியும் என்பது லாபம். வயசு ஏற ஏற பராமரிப்புச் செலவு கூடும் என்பது நஷ்டம். ட்ரைஸ்டார் கதையில் ரெண்டுமே இருக்கு: 30 வருஷ உழைப்பும் உண்மை, கடைசி நேரப் பழுதுகளும் உண்மை.

ஆறு டேங்கரில் மூணு ஷெட்டில் நின்னா, தஞ்சாவூர் சுகோய் எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறதை அதன் சொந்த டேங்க்தான் முடிவு பண்ணும். அதனால் வரப்போறது புதுசா பழசாங்கிறதைவிட, கூப்பிடுற நேரத்தில் எத்தனை டேங்கர் கிளம்பும்ங்கிறதுதான் பெரிய கேள்வி. நடுராத்திரி ரோட்டில் ரிசர்வும் தீர்ந்து நிற்கிறப்போ, நண்பன்கிட்ட இருக்கிறது புது வண்டியாங்கிறதா முக்கியம்? ஸ்டார்ட் ஆகி வந்துடணும், அவ்வளவுதானே!