கல்லீரலும் கணையமும்

நாம் உண்ணும் சோறும் பருப்பும் நெய்யும் உண்டவாறே குருதியில் கலந்துவிடுவதில்லை. அவை சிதைந்து, கரைந்து, உடல் ஏற்கத்தக்க பொருள்களாக மாறிய பின்னரே குருதியை அடைகின்றன. இம்மாற்றம் முழுவதையும் இரைப்பையும் குடலுமே செய்கின்றன என்று பலர் எண்ணுவர். ஆனால், அவற்றின் அருகே அமைந்து அவற்றிற்கு உற்ற துணையாய் விளங்கும் உறுப்புகள் மூன்று உள. அவை கல்லீரல், பித்தப்பை, கணையம் என்பன. வெறுங்கண்ணால் நோக்கும்போது இவற்றின் சிறப்பு நமக்குப் புலனாவதில்லை. நுண்ணோக்கியின் வழியே நோக்கினாலோ, ஒழுங்கும் அமைதியும் நிறைந்த ஒரு தொழிற்கூடம் நம் கண்முன் விரிகின்றது.

உடலின் உள்ளுறுப்புகளுள் மிகப் பெரியது கல்லீரல். வயிற்றின் வலப்புற மேற்பகுதியில், உதரவிதானத்தின் அடியில், செம்பழுப்பு நிறத்துடன் இஃது அமைந்துள்ளது. வளர்ந்தவர் ஒருவரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் எடை இருக்கும். இதனை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், தேன்கூட்டின் அறைகளைப் போன்ற ஆறுபக்கப் பகுதிகள் பல தோன்றும். இவற்றை நுண்மடல்கள் என்பர். ஒவ்வொரு நுண்மடலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமே உடையது. அதன் நடுவில் ஒரு சிறு சிரை உண்டு. அச்சிரையைச் சுற்றிலும், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போலக் கல்லீரல் உயிரணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

வயலில் பாத்திகளுக்கு இடையே வாய்க்கால்கள் ஓடுவதை நாம் கண்டிருக்கின்றோம். அதைப் போன்றே, இவ்வணு வரிசைகளுக்கு இடையே குருதி பாயும் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ளன. குடலில் உணவின் சாரத்தை ஏற்ற குருதி, போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாயின் வழியே கல்லீரலை அடைகின்றது. கல்லீரலுக்கு வரும் குருதியில் முக்காற் பங்கு இவ்வழியே வருவதாகும். எஞ்சியது உயிர்வளி மிகுந்த குருதியாய்த் தமனியின் வழியே வருகின்றது. இரண்டும் நுண்மடலின் ஓரத்தில் ஒன்றுகூடி, வாய்க்கால்களின் வழியே நடுச் சிரையை நோக்கிப் பாய்கின்றன. அவ்வாறு பாயும்பொழுது, இருமருங்கும் நிற்கும் அணுக்கள் வேண்டுவனவற்றை எடுத்துக்கொண்டு, செய்து முடித்தவற்றைக் குருதியில் விடுகின்றன. வாய்க்காலின் கரையிலேயே குப்பர் அணுக்கள் என்னும் காவலர்களும் உளர். குடலிலிருந்து வரும் நோய்க் கிருமிகளையும், முதுமையுற்ற சிவப்பணுக்களையும் அவை பற்றி விழுங்கிவிடுகின்றன.

உழவன் அறுவடைக் காலத்து நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்துகின்றான். கல்லீரலும் மிகுதியான சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக மாற்றிச் சேமிக்கின்றது. நாம் பசித்திருக்கும்போது அதனை மீண்டும் சர்க்கரையாக்கிக் குருதிக்கு வழங்குகின்றது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாடு பெர்னார்டு 1857-ஆம் ஆண்டில் கிளைக்கோஜனைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். இரத்தம் உறைதற்குரிய புரதங்களை ஆக்குவதும், நஞ்சுப் பொருள்களின் தீமையை அகற்றுவதும் கல்லீரலின் பிற பணிகளாம்.

இவ்வணுக்கள் பித்தநீரையும் சுரக்கின்றன. குருதி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பாய, பித்தநீர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பாய்கின்றது. இரண்டும் வெவ்வேறு வழிகளில் செல்வதால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நாள்தோறும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை சுரக்கும் இந்நீரின் ஒரு பகுதி பித்தப்பையில் தங்குகின்றது. பித்தப்பையோ 30 முதல் 50 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். அதன் உட்சுவரில் மடிப்புகள் பல உள்ளன. அவற்றின் மேல் ஒரே அடுக்காக நிற்கும் தூண் வடிவ அணுக்கள் நீரையும் உப்பையும் உறிஞ்சிப் பித்தத்தைச் செறிவாக்குகின்றன. நெய்யும் எண்ணெயும் கலந்த உணவு குடலை அடைந்ததும், பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுள் செலுத்துகின்றது. எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் பிரிப்பது போல, பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகப் பிரித்துச் செரிமானத்திற்கு வழிசெய்கின்றது.

இரைப்பையின் பின்புறத்தே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் கிடப்பது கணையம். இதன் அணுக்களுள் பெரும்பாலானவை திராட்சைக் கொத்துகளைப் போலக் குழுமி நின்று கணைய நீரைச் சுரக்கின்றன. மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் செரிக்கச் செய்யும் நொதிகள் இந்நீரில் உள்ளன. புரதத்தைச் சிதைக்கும் நொதி, புரதத்தாலான கணையத்தையே சிதைத்துவிடாதோ என்னும் ஐயம் எழலாம். அந்நொதி உறையிலிட்ட வாளைப் போல, செயலற்ற வடிவிலேயே சுரக்கின்றது. குடலை அடைந்த பின்னரே கூர்மை பெறுகின்றது. யாதேனும் காரணத்தால் அது கணையத்தினுள்ளேயே விழித்துக்கொள்ளுமாயின், கொடிய நோய் விளையும்.

1869-ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் 21 வயது மருத்துவ மாணவர் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அக்கொத்துகளின் இடையே, கடலில் தீவுகள் போல, வேறு வகை அணுக்கள் சிறு சிறு கூட்டங்களாக இருத்தலைக் கண்டார். அவற்றின் தொழில் யாதென அவரால் கூற இயலவில்லை. ஆயினும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். அவர் 1888-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே, கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு நோய் தோன்றுவதை மின்கோவ்ஸ்கி, மெரிங் என்னும் இருவர் கண்டனர். 1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் பேண்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சாறு ஒன்றைப் பெற்றனர். அத்தீவுகளில் சுரக்கும் அதுவே இன்சுலின். ‘தீவு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது.

அதற்கு முன், இன்சுலின் சுரவாத நீரிழிவு கண்ட சிறுவர் உடல் மெலிந்து உயிர் துறத்தலே வழக்கமாய் இருந்தது. 1922-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சாவின் விளிம்பில் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இம்மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. தூய்மை செய்யப்பட்ட மருந்தை மீண்டும் செலுத்தியபோது அவன் தேறினான். பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மாணவர் ஒருவர் எழுதிவைத்த சிறு குறிப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

கல்லீரலின் ஒரு பகுதியை அறுத்து நீக்கினும், எஞ்சிய பகுதி வளர்ந்து இழப்பை ஈடுசெய்யும். ஆயினும் அப்பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மது முதலியவற்றால் நெடுங்காலம் நலிவுறின், அணுக்கள் மடிந்து, அவ்விடத்தே வடுக்கள் தோன்றி, வாய்க்கால்கள் தூர்ந்துபோகும். அந்நிலையில் மருத்துவமும் முழுப்பயன் தருதல் அரிது. ஆதலின், அளவறிந்து உண்டு, தீய பழக்கங்களை விலக்கி, ஓசையின்றி உழைக்கும் இவ்வுறுப்புகளைப் பேணுதல் நம் கடமையாகும்.