அருகாமை, குலுக்கல், தூரம்: சில குறிப்புகள்

'அருகாமை' என்பது பிழையான சொல் என்று பண்டிதர்கள் சொல்வதுண்டு. கல்லாமை, இல்லாமை போல இதுவும் எதிர்மறை, 'அருகில் இல்லாதிருத்தல்' என்றுதான் பொருள்படும், 'அண்மை' என்று எழுதுங்கள் என்பார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் இந்தப் பிழை ரொம்பச் சரியாகப் பொருந்திவிடுகிறது. 1966இல் கோத்தாரி கல்விக் குழு 'அருகாமைப் பள்ளி'களாலான பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும், சாதி வருமானம் பார்க்காமல், ஒரே பள்ளிக்கு நடந்து போவது என்பது அதன் சாரம். 43 வருஷம் கழித்து வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறது. முறை இல்லை. முறை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு குலுக்கல் இருக்கிறது.

குலுக்கல் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நண்பர்களில் பலரும் இதை ஆதரித்தோ எதிர்த்தோ பேசுகிறார்களே தவிர, ஒரு தடவை போய்ப் பார்த்தவர்கள் குறைவு. சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கும் தர வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் நுழைவு வகுப்பு என்பது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு. நலிந்தோர் என்றால் ஆண்டு வருமானம் 2 லட்ச ரூபாய்க்குக் கீழே. வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை. மீதி இடங்களுக்கு ஆள் அதிகமாகிவிட்டால் பள்ளியிலேயே, பெற்றோர் முன்னிலையில், சீட்டு எடுப்பார்கள்.

2023 மே மாதம் அப்படி ஒரு குலுக்கலுக்கு, பெரும்பாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு, நானும் போயிருந்தேன். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் சமையலும் பாத்திரமும் பார்க்கிற ஓர் அம்மா கூப்பிட்டிருந்தார். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் நான் என்பதால், எதாவது தகராறு வந்தால் பேச ஆள் வேண்டுமென்று. நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த அவர்கள் குடிசையை இடித்து, பெரும்பாக்கத்தில் எட்டுமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வேலை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். மூத்த பெண்ணும் கூடவே வந்து எங்கள் பக்கத்து மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். விண்ணப்பம் சின்னப் பையனுக்கு.

ஒரு பிளாஸ்டிக் வாளி, மடித்த காகிதச் சீட்டுகள், எடுப்பதற்கு ஒரு சிறுமி. சிறுமியைப் பார்த்ததும் எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. பராந்தக சோழன் காலத்து (919, 921) குடவோலைக் கல்வெட்டுகளைத் தமிழரின் ஆதி ஜனநாயகம் என்று மேடைதோறும் சொல்லி வருகிறோம். அங்கேயும் விவரமறியாத ஒரு சிறுவன்தான் ஓலை எடுத்தான். சூது நடக்கக் கூடாதென்று எத்தனை ஏற்பாடு! ஆனால் ஓலையில் பேர் எழுதப்பட யாருக்குத் தகுதி என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. உழுதவன் பேர் குடத்துக்குள் போகவே இல்லை. எடுக்கும் கை எவ்வளவு கள்ளமற்றதோ அவ்வளவுக்கு, உள்ளே போட்ட கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இன்றைய வாளிக்குள் எந்தப் பள்ளிகளின் இடங்கள் விழுகின்றன? 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த 25 சதவீதத்தை ஏற்றபோதே உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014இல் ஐவர் அமர்வு சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. (2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பைச் சந்தேகித்து மேலமர்வுக்கு அனுப்பியிருக்கிறது.) சிறுபான்மையினர் உரிமையை நான் இங்கே கேள்விக்குட்படுத்தவில்லை. சென்னையின் பழைய, பேர்பெற்ற பள்ளிகளில் கணிசமானவை அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், வட்டத்துக்குள் கட்டடம் தெரியும், வாளிக்குள் சீட்டு இருக்காது என்பதைத்தான் சொல்கிறேன்.

வட்டத்துக்கு வருகிறேன். 1 கிலோமீட்டர் என்பது கேட்க நடுநிலையான அளவு. பிள்ளை நடந்து போகிற தூரம். ஆனால் நம் நகரங்களில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை எது தீர்மானித்ததோ அதையே இந்த வட்டமும் சுவீகரித்துக்கொள்கிறது. சேரி ஓரிடம், காலனி ஓரிடம், அடுக்குமாடி ஓரிடம். விதிவிலக்கென்றால் நகரத்தின் நடுவே, பணக்காரத் தெருக்களின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குடிசைப் பகுதிகள்தாம். அங்கிருந்த பிள்ளைகளுக்கு மட்டுமே அந்த 1 கிலோமீட்டருக்குள் 'நல்ல' பள்ளி என்று ஊர் சொல்வது அகப்பட்டது. அந்தப் பகுதிகளைத்தான் காலி செய்தார்கள். 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பெரும்பாக்கம் குடியிருப்பில் மட்டும் 20,000க்கும் மேல் வீடுகள். கூவம் கரையிலிருந்து அங்கே போனவர்களுக்கு பழைய தெரு 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போனது. வெளியேற்றத்தை எதிர்த்து எழுதியபோது வேலை போகும், மருத்துவமனை தூரமாகும் என்றெல்லாம் எழுதினோம். ஒரு குலுக்கல் சீட்டும் சேர்ந்து பறிபோகிறது என்று எழுதத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

குலுக்கலுக்கு முந்தின சாயங்காலம் அந்த அம்மா கேட்டது: "ஏன் சார், குலுக்கல்ல பேரு வுழுந்துச்சுன்னா எல்.கே.ஜி. பன்னெண்டு மணிக்கு வுட்ருவாங்களே. நான் வர ஏழாயிடும். அதுவரைக்கும் புள்ளய யாரு பாத்துக்கறது?" எனக்குப் பதில் இல்லை. கட்டணத்தை அரசு தரும், பஸ் அவருக்கு இலவசம் என்று மட்டும் சொன்னேன். 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது டிக்கெட் காசை எடுத்துவிட்டதே ஒழிய நேரத்தை எடுக்கவில்லை. காலையில் ஒன்றரை மணி, சாயங்காலம் நெரிசலில் அதற்கும் மேல்.

அவர் கேள்விக்குள் ஒரு கோட்பாடே இருந்தது என்று பிற்பாடு தோன்றியது. சட்டம் வட்டத்தின் நடுப்புள்ளியை வீட்டு வாசலில் குத்துகிறது. அவரோ வேலை செய்கிற இடத்தில் குத்துகிறார். பெரும்பாக்கத்திலும் அரசுப் பள்ளி இருக்கிறதே, மூத்தவளை அங்கே சேர்க்கலாமே என்று நானே முன்பு உபதேசம் செய்திருக்கிறேன். அவருக்கு அது 'தூரத்துப் பள்ளி'. பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினால் எத்தனை நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதே அவருடைய அளவுகோல். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வந்து சேரும் பள்ளி அருகில் இருக்கிறது, வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளி தொலைவில் இருக்கிறது. வீட்டில் எப்போதும் ஒருத்தி இருப்பாள், பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருவாள் என்ற நடுத்தர வர்க்கக் குடும்பப் படிமம்தான் அந்த 1 கிலோமீட்டர் கோட்டை வரைந்திருக்கிறது.

'அருகாமைப் பள்ளி' என்றாலே முற்போக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் யோசிக்க வேண்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் 1974இல் நீதிமன்றம், நிறப்பாகுபாட்டை உடைக்க, கறுப்பு வட்டாரப் பிள்ளைகளையும் வெள்ளை வட்டாரப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி மாற்றி அனுப்பச் சொன்னது. தெற்கு பாஸ்டனில் கறுப்புப் பிள்ளைகள் வந்த பஸ்கள் மீது கல் விழுந்தது. கல்லெறிந்தவர்கள் பக்கத்தின் முழக்கம் என்ன தெரியுமா? 'அருகாமைப் பள்ளி'. பிறகு 1989 வாக்கில் அந்த நகரம் வேறொரு வழிக்கு வந்தது. பெற்றோர் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தித் தருவார்கள், போட்டி வந்தால் குலுக்கல் எண் தீர்த்துவைக்கும். அந்தச் சூத்திரத்தில் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதியவர்கள் ஏமாந்தார்கள், நெளிவுசுளிவு தெரிந்த பெற்றோர் தப்பித்தார்கள் என்று பொருளியலாளர்கள் காட்டினார்கள். 2005இல் சூத்திரம் மாறியது. கேல், ஷாப்லி என்ற இருவர் 1962இல் எழுதிய சிறு கட்டுரையின் வழிவந்தது புதியது. 2012இல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் கிடைத்த நோபெல் பரிசுக்குப் பின்னால் இந்த மாதிரி வேலைகள் இருக்கின்றன.

கணக்கு அழகான கணக்கு. ஆனால் அது 'விருப்பம்' என்பதை ஆள் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளாக எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸையும் நேரத்தையும் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் நம் அம்மாக்கள் விருப்பம் என்று எழுதித் தருகிறார்கள். ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாஸ்டனில் தூரத்துக்கு அனுப்பியபோது பஸ்ஸுக்கான செலவை நகரம் ஏற்றது. இங்கே அரசு திருப்பித் தருவதில் வேன் கட்டணம் கிடையாது. இடத்தைப் பங்கிடுவது அரசின் வேலை, தூரத்தைச் சுமப்பது தாயின் வேலை என்று ஒரு பாகப்பிரிவினை.

இந்த 25 சதவீதமே மோசடி, மக்கள் பணத்தைத் தனியாருக்கு ஊற்றுவது என்ற நம் தோழர்களின் வாதம் எனக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன். 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்து, 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் புத்தகத்தைப் பொதுவாக்கினோம், பெஞ்சைப் பொதுவாக்க முடியவில்லை என்பதும் உண்மை. வாதம் சரியாக இருந்தாலும் அந்த மைதானத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீட்டுக்காக நின்றவர்கள் தனியார்மயத்தை ஆதரித்து நிற்கவில்லை. 2025இல் ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்திவைத்ததில் வழக்கமான ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பமே வாங்கவில்லை. நிதி வந்து அக்டோபரில் சேர்க்கை தொடங்கியபோது பள்ளி திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் மைய, மாநில உரிமை பற்றி நிறைய எழுதினோம். மூன்றரை வயதுப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டவர் குறைவு.

பையன் பேர் விழவில்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. கூப்பிடவும் இல்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "வுழாததும் ஒருவிதத்துல நல்லதுதான் சார்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா வுழுந்திருக்கலாம்" என்றார். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் அங்கன்வாடியில் விட்டு வைத்திருந்து, வயது வந்ததும் அக்கா படிக்கும் பள்ளியிலேயே சேர்த்துவிட்டார். மூன்று பேரும் காலை ஆறே காலுக்கு பஸ் ஏறுகிறார்கள். ஏறினதும் பையன் தூங்கிப்போவானாம். அடையாறு தாண்டினால் அக்கா எழுப்பிவிடுவாள்.