கடுகளவு ரிவெட்

ஹார்டுவேர் கடைக்குப் போய், 63 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஓர் அடி மட்டும் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு, யாருக்கோ வெட்டியதுபோக மூலையில் கிடக்கும் துண்டை எடுத்து நீட்டுவார். அந்தத் துண்டின் பருமனை 22.5 ஆல் பெருக்கினால் 1.42 மீட்டர், நீளம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய மீட்டர்கேஜ் நீராவி எஞ்சினின் கொதிகலன் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருந்தது. எஞ்சினில் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதென்ன 22.5? ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமான் நிறுவனம் 1968இல் எல்.ஜி.பி. என்ற பெரிய பொம்மை ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் மீட்டர்கேஜ் மலை ரயில்களை மனத்தில் வைத்து அதன் உடம்பை 22.5இல் ஒரு பங்காகச் செய்தார்கள். ஆயிரம் மில்லிமீட்டரை 22.5 ஆல் வகுத்தால் 44.4, கணக்கு இடிக்கவில்லை. அதே 45 மில்லிமீட்டர் பாதையில் 32இல் ஒரு பங்கு வண்டியை ஏற்றினால் அது இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கேஜ். 37இல் ஒரு பங்கை ஏற்றினால் நம் அகலப்பாதை. தண்டவாளம் மாறுவதில்லை, மேலே ஏறும் உடம்பைப் பொறுத்து ஊர் மாறிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ரயில் இன்றும் மீட்டர்கேஜ்தான் என்பதால், நம்மூர்க்காரருக்கு 22.5 கைக்கு வந்த எண்.

இந்த அளவில் கடை வண்டிகளின் விலையைப் பார்த்தால் ஆசை அங்கேயே அடங்கிவிடும். ஆகவே சிலர் எல்லாவற்றையும் தாமே வெட்டி ஒட்டிச் செய்கிறார்கள். ஸ்கிராட்ச் பில்டிங் என்பார்கள். முதல் கருவி ஒரு காகித நாடா. 44.4 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு ‘1 மீட்டர்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் வீட்டுச் சாமான்களெல்லாம் வேறு முகம் காட்டும். பாதைக்குக் கொட்டும் ஜல்லி சுமார் 50 மில்லிமீட்டர் என்றால், நமக்கு வேண்டியது இரண்டு மில்லிமீட்டர்: எம்-சாண்டைச் சலித்தால் சல்லடையில் தங்குகிற குருணை. ஃபிளெக்ஸ் கடையில் கழித்துப்போடும் சன்போர்டுத் துண்டு பெட்டியின் சுவர். தடித்த கல்யாணப் பத்திரிகை ஜன்னல் சட்டம். ஒன்றரை மில்லிமீட்டர் கடுகை 22.5 ஆல் பெருக்கிப் பாருங்கள், 34 மில்லிமீட்டர். இரும்புத் தகட்டில் வரிசையாகப் புடைத்து நிற்கும் ரிவெட்டின் தலை அது. ஒட்டி, வார்னிஷ் அடித்துவிட்டால் எறும்பும் சீண்டாது என்றுதான் நானும் நம்பினேன்.

அட்டையும் பிசினுமாகச் செய்த பாலம் வண்டி ஏறினால் நிற்குமா? நிற்கும். ஏன் நிற்கிறது என்பதற்குக் கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு பொருளை எல்லாத் திசையிலும் 22.5 மடங்கு சுருக்கினால், எடை கன அளவைப் பின்பற்றி 11,390 மடங்கு குறைகிறது. ஆனால் தாங்கும் வலிமை குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது 506 மடங்குதான் குறைகிறது. ஆக, ஒரே பொருளில் செய்தால், சின்னப் பாலம் தன் எடைக்குப் பெரிய பாலத்தைவிட 22.5 மடங்கு கெட்டி. இரும்பு வேண்டிய இடத்தில் ஐஸ் குச்சி போதும் என்றாவது இந்தத் தள்ளுபடியால்தான். கையில் காசில்லாதவனுக்கு இயற்கை தரும் மானியம் என்றே இதைச் சொல்வேன். அதனாலேயே, சின்ன மாதிரி நின்றுவிட்டது என்று அதை அப்படியே பெருக்கி நிஜப் பாலம் கட்டினால் விழுந்துவிடும்.

கொடுத்ததை இயற்கை வேறு வழியில் பிடித்தும் கொள்கிறது. முப்பது டன் பெட்டிக்குச் சரியான சிறிய எடை 2.6 கிலோ. சன்போர்டுப் பெட்டி அரைக் கிலோகூடத் தேறாது. அதை நடுவில் கோத்து வளைவில் இழுத்தால், முன்னும் பின்னும் இழுபட்டு உள்பக்கமாகச் சாய்ந்து கவிழும். என் முதல் பெட்டி அப்படித்தான் மேசையிலிருந்து தரைக்குப் போனது. இப்போது தரைப்பலகையின் அடியில் பழைய இரும்பு நட்டுகளை ஒட்டிவிடுகிறேன்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி, நம் மேசையில் விநாடிக்கு 37 சென்டிமீட்டர்தான் போக வேண்டும். 36 மில்லிமீட்டர் சக்கரம் அதற்கு நிமிடத்துக்கு இருநூறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் போதும். பள்ளிப் பிள்ளைகளின் ரோபோவில் இருக்கும் மஞ்சள் கியர் மோட்டார் 6 வோல்ட்டில் ஏறக்குறைய அதே வேகத்தில் சுற்றுகிறது! சென்னை ரிச்சி தெருவில் குவித்து விற்கும் மலிவான மோட்டார் அது. பேட்டரியை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் தண்டவாளத்தில் மின்சாரம் ஓடத் தேவையில்லை. பித்தளைத் தண்டவாளச் செலவும் மிச்சம்: மரக்கட்டையில் வாளால் கீறல் போட்டு இரும்புப் பட்டையைச் செருகினால் பாதை ஆயிற்று.

காசைச் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் சக்கரம். இரண்டு டீக்கடைக் காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளக் குச்சிகளைத் தண்டவாளம்போல் சரிவாக வைத்து அதை உருட்டிவிடுங்கள். பக்கவாட்டில் விலகினாலும் தானே நடுவுக்குத் திரும்பும். அடியோடு அடி ஒட்டிய ஜோடியோ சில அங்குலத்திலேயே கீழே விழும். முதல் ஜோடி வலப்பக்கம் விலகும்போது, வலக் குச்சி கோப்பையின் பருத்த இடத்தைத் தொடுகிறது, இடக் குச்சி ஒடுங்கிய இடத்தை. பருத்த பக்கம் ஒரே சுற்றில் அதிக தூரம் உருள்வதால் முழு ஜோடியும் இடப்பக்கம் திரும்புகிறது. நிஜ ரயில் சக்கரமும் இப்படித்தான்: இருபதுக்கு ஒன்று என்ற சரிவில், உள்பக்கம் பருத்த கூம்பு. விளிம்புதான் வண்டியைப் பாதையில் பிடித்து வைக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நேர்ப்பாதையில் அதற்கு வேலையே இல்லை. வழி நடத்துவது கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவு. அதை அட்டையில் வெட்ட முடியாது. லேத் பட்டறையில் நைலான் உருளையைக் கொடுத்துக் கடைந்து வாங்குவதே உத்தமம்.

வளைவில்தான் எல்லாரும் பொய் சொல்கிறோம். மீட்டர்கேஜில் நூறு மீட்டர் ஆரம் என்பதே கடும் வளைவு, சுருக்கினால் 4.4 மீட்டர். எந்த வீட்டுக் கூடம் அதற்கு இடம் கொடுக்கும்? பொம்மைப் பாதைகளின் 60 சென்டிமீட்டர் ஆரத்தைப் பெருக்கினால் 13.5 மீட்டர்தான் வருகிறது. அதில் கூம்பின் சாமர்த்தியம் பலிக்காது, விளிம்பு உரசிக் கீச்சிடும். இருபது மீட்டர் பெட்டியைக் கணக்குப்படி 89 சென்டிமீட்டரில் செய்தால் வளைவில் வயிறு வெளியே தள்ளும். ஆகவே பெட்டியை மனசாட்சியில்லாமல் இரண்டு ஜன்னல் குறைத்து வெட்டுகிறோம். மலை ரயில் பெட்டிகள் இயல்பாகவே குட்டை என்பதால், ஊட்டி ரயிலைத் தேர்ந்தவர்களுக்குப் பாவம் குறைவு.

ஸ்டேஷனில் நிற்க ஆட்கள் வேண்டுமே. ஐந்தரை அடி மனிதர் ஏழரை சென்டிமீட்டர். நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் மாட வீதிகளில் பொம்மைக் கடைகள் முளைத்ததும் காகித நாடாவோடு கிளம்பினேன். காவல்காரர் ஒருவர் சரியாக ஏழரையில் கிடைத்தார். பக்கத்தில் அரிசி மூட்டை, பருப்போடு கடை பரப்பியிருந்த செட்டியாரையும் அளந்தேன். பதினொரு சென்டிமீட்டர். உட்கார்ந்த நிலையிலேயே எட்டடி.