எஞ்சினின் உறுப்புகளும் அதனைச் சீராக்கும் முறையும்

உழவுக்கும், நீர் இறைப்பதற்கும், அறுவடைக்கும் இன்று எஞ்சினே கமக்காரருக்குத் துணையாக உள்ளது. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதி வட்டைகளில் வயல்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் விளைகின்றன. அவ்வேளையில் எஞ்சின் நின்றுவிடின் முற்றிய கதிர் மழையில் நனைய நேரிடும். திருத்துநர் கூறுவதை விளங்கிக்கொள்ளாதவர் தேவையற்ற உறுப்பை மாற்றிப் பணத்தையும் நாளையும் இழப்பர். ஆகவே கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைச் சொற்கள் இங்கு விளக்கப்படுகின்றன.

1. பிரதான உறுப்புகள்

எரிபொருள் எரியும் உருளை சிலிண்டர் எனப்படும். அதனுள் போய்வருவது பிஸ்டன். இணைப்புத் தண்டு அவ்வசைவைக் கிராங் தண்டுக்குக் கொடுக்க, அது சுழற்சியாக மாறுகின்றது. காற்று உட்செல்லவும் புகை வெளிச்செல்லவும் திறந்து மூடுபவை வால்வுகள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வளையங்கள் அமுக்கம் கசியாமலும் எஞ்சின் ஒயில் மேலேறாமலும் காக்கின்றன.

2. நான்கு அடிப்புகள்

உள்ளிழுத்தல், நெருக்கல், வலு, வெளியேற்றல் என்பன நான்கு அடிப்புகளாகும். இவை முடியக் கிராங் தண்டு இருமுறை சுற்றும். 1876ஆம் ஆண்டில் ஜேர்மனியில் நிக்கலஸ் ஓட்டோ இம்முறையில் இயங்கும் எஞ்சினை ஆக்கினார். பெற்றோல் நீர்ப்பம்பியில் காபரேட்டர் காற்றையும் எரிபொருளையும் கலக்கும். பிளக்கின் தீப்பொறி அக்கலவையை எரிக்கும்.

1897இல் ருடோல்ப் டீசல் வெற்றியுடன் இயக்கிக்காட்டிய எஞ்சினுக்குப் பிளக் தேவைப்படவில்லை. இன்றைய டீசல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமடைகின்றது. இன்ஜெக்டர் தெளிக்கும் டீசல் அவ்வெப்பத்திலேயே தீப்பற்றும். லேண்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரங்களுட் பெரும்பாலானவை இவ்வகையின.

3. சீராக்கல் என்பது யாது?

எரிபொருள் எவ்வளவு, எத்தருணத்தில், அதற்கேற்ற காற்று எவ்வளவு என்னும் மூன்றையும் பொருத்துவதே சீராக்கல். இதனையே டியூனிங் என்பர். லேண்ட்மாஸ்டரில் இது கையாற் செய்யப்படுவது. வால்வு இடைவெளியை அளவுத்தகட்டினால் சரிபார்த்தல், டீசல் தெளிக்கும் தருணத்தைப் பொருத்துதல், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை உரிய நிலையில் வைத்தல் ஆகியன இதில் அடங்கும்.

4. மின்னணுச் சீராக்கல்

புதிய நாற்சில்லு உழவு இயந்திரங்கள், அறுவடை இயந்திரங்கள் சிலவற்றில் மேற்கூறிய மூன்றையும் ஒரு சிறு கணினிப் பெட்டி தீர்மானிக்கின்றது. கிராங் தண்டின் நிலை, நீரின் வெப்பம், காற்றின் அமுக்கம் ஆகியவற்றைச் சென்சர்கள் அதற்கு அறிவிக்கும். பெட்டியில் பதியப்பட்டுள்ள அளவுகளின்படி இன்ஜெக்டர் திறக்கும். அவ்வளவுகளை மாற்றியமைப்பதே மின்னணு டியூனிங்.

இவ்வாறு குதிரைவலுவைக் கூட்டித் தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். டீசலை மட்டும் கூட்டினால், அது முற்றாக எரியக் காற்றுப் போதாது. புகையும் வெப்பமும் மிகும். பிஸ்டன், கிளச், கியர் ஆகியன தாங்கக்கூடிய பாரத்துக்கும் எல்லையுண்டு. உற்பத்தியாளர் தந்த உத்தரவாதமும் இழக்கப்படலாம்.

பழுது நேர்ந்தவுடன் பெட்டியை மாற்றச் சம்மதியாதீர்கள். எமது கரையோரத்தின் உப்புக்காற்றால் வயர் இணைப்புகள் துருப்பிடித்து, சென்சரின் அறிவிப்புத் தவறக்கூடும். முதலிற் பற்றரியையும் இணைப்புகளையும் பார்க்கச் செய்க. பெட்டி காட்டும் பழுது இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்க.

எச்சரிக்கை: எஞ்சின் இயங்கும்போது டீசற் குழாயைத் தளர்த்தலாகாது. மிகுந்த அமுக்கத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும்.

5. புகை கூறும் செய்தி

கரும்புகை: காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகை. சூட்டுக் காலத் தூசி காற்று வடிகட்டியை அடைத்திருக்கலாம். அதனையே முதலிற் பார்க்க.

நீலப்புகை: எஞ்சின் ஒயில் எரிகின்றது. ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெண்புகை: குளிர்ந்த எஞ்சினில் சிறிது நேரம் தோன்றுவது இயல்பு. தொடர்ந்து வருமாயின் டீசல் தெளிக்கும் தருணம் பிழைத்திருக்கலாம். அல்லது சிலிண்டரினுள் நீர் கசியலாம்.

புகையின் நிறம், அது தோன்றிய வேளை, ஒயில் மாற்றிய நாள் ஆகிய மூன்றையும் திருத்துநரிடம் கூறினால் பழுதை விரைவிற் கண்டறியலாம். போகம் தொடங்குமுன் வடிகட்டியையும் ஒயிலையும் வால்வு இடைவெளியையும் பார்த்து வைப்பது, அறுவடை நாளில் வட்டையில் காத்து நிற்பதிலும் மேலானது.