வயதின் கணக்கும் வெயிலின் கணக்கும்

மார்த்தாண்டத்திலிருந்து குழித்துறைப் பாலத்தைத் தாண்டிச் சென்று திரும்பும் பத்து கிலோமீட்டர் பாதையை ஜனவரியில் 64 நிமிடங்களில் ஓடி முடித்தேன். ஏப்ரலில் அதே பாதை, அதே காலணி, அதே விடியற்காலை. 71 நிமிடங்கள் ஆயின. அறுபத்தாறு வயதில் கடிகாரத்தில் இப்படியோர் எண்ணைப் பார்ப்பவர் முதலில் சந்தேகிப்பது தம் வயதைத்தான். "இனி நடந்தா போதும் சாரே" என்றார் உடன் ஓடும் நண்பர்.

அந்த முடிவு எனக்கு அவசரமானதாகப் பட்டது. ஒரு விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடுமானால், இரண்டையும் தனித்தனியே அளக்காமல் ஒன்றன் மீது பழியைப் போடக் கூடாது என்று பொருளியல் வகுப்பில் முப்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். வயது ஏற ஏற ஓட்டக்காரர் எவ்வளவு வேகத்தை இழக்கிறார் என்று கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் ஒரு பொருளியலாளர் என்பது வியப்பளிக்கலாம். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே ஃபேர், அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவைப் பொருளாதார எண்களைக் கொண்டு கணிக்கும் சமன்பாட்டால் பெயர் பெற்றவர். தாமும் மராத்தான் ஓடியவர். வயதுவாரியான சாதனை நேரங்களைக் கொண்டு 1994-இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் 2007-இல் அதை விரிவாக்கினார். முப்பத்தைந்து வயதிலிருந்து எழுபதை ஒட்டிய பருவம் வரை இழப்பு ஏறத்தாழ ஒரே சீராக, ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி நிகழ்கிறது. அதன் பிறகு இழப்பே வேகமெடுக்கிறது.

இதற்குச் சான்றாக இருவரைச் சொல்லலாம். 2003 செப்டம்பரில் டொராண்டோ நகர மராத்தானில் 72 வயது எட் விட்லாக் மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். எழுபதைக் கடந்த ஒருவர் அவ்வாறு முடித்தது அதுவே முதல்முறை. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங், கடவுச்சீட்டின்படி 92 வயதில், அதே ஆண்டு அதே நகரில் 5 மணி 40 நிமிடங்களில் மராத்தானை முடித்தார். 2011-இல் நூறு வயதில் அங்கேயே மீண்டும் ஓடியபோது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. (பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. நம் கிராமங்களில் அந்தத் தலைமுறையில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது?) விட்லாக்கும் 85 வயதில் 3 மணி 56 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார்.

இனி என் கணக்கு. 64 நிமிடங்களில் ஒரு சதவீதம் என்பது 38 விநாடி. ஓராண்டில் வயது என்னிடம் கேட்கக்கூடிய தொகை அவ்வளவே. மூன்றே மாதங்களில் ஏழு நிமிடங்களை, அதாவது 11 சதவீதத்தை, வயது எடுத்திருக்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மேலே சொன்ன ஓட்டங்கள் யாவும் டொராண்டோவின் செப்டம்பர், அக்டோபர் மாதக் குளிர்ச்சியில் நிகழ்ந்தவை. குமரி மாவட்டத்தின் ஏப்ரல், மே மாதங்கள் அந்த அட்டவணைகளில் இல்லை.

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அதைத் தணிக்கும் முதன்மையான வழி வியர்வை. அதுவும் வியர்வை ஆவியானால்தான். வேலூரின் வெப்பம் இங்கு இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால், கடலுக்கும் மலைக்கும் நடுவிலுள்ள இப்பகுதியில் காற்றின் ஈரப்பதம் வியர்வையை ஆவியாக விடுவதில்லை. அது சொட்டி வீணாகிறது. குருதியின் ஒரு பகுதி தோலைக் குளிர்விக்கத் திருப்பி விடப்படுகிறது. கால்களுக்குக் கிடைப்பது குறைகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. முதியவருக்கு இந்த ஏற்பாடு இன்னும் தளர்ந்திருக்கும். வியர்வைச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கும்; தாகம் தாமதமாகத் தெரியும். இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சில மாத்திரைகள் உடல்நீரைக் குறைக்கும். வேறு சில இதயத் துடிப்பை ஏறவிடாது. கோடையில் ஓடுமுன் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உடல் இதற்கும் பழகிக்கொள்ளும். பத்து முதல் பதினான்கு நாள்கள் வெப்பத்தில் மிதமாக ஓடினால் குருதி நீர்மத்தின் அளவு கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது. வியர்வையில் உப்பு குறைகிறது. முதியவர்களுக்கும் இது கிட்டும். அந்த இரு வாரங்களில் கடிகாரத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தை மீறாமல் இருப்பதே முக்கியம். உப்பிட்ட கஞ்சிவெள்ளம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. குருதியில் சோடியம் குறைந்துவிடும்.

நேரம் பற்றி எங்கள் ஊர் ரப்பர்த் தோட்டங்களில் கற்கலாம். நான் ஓடப் புறப்படும் ஐந்து மணிக்கெல்லாம் தலைவிளக்குடன் பால் வெட்டுவோர் பாதி மரங்களை முடித்திருப்பார்கள். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும் என்பதால் அவர்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

காத்திருப்பவர்கள் ஓட்டப் போட்டி நடத்துவோர். ஐம்பதைக் கடந்தபின் நெடுந்தொலைவு ஓட்டத்துக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்த மா. சுப்பிரமணியன் போன்றோரைப் பார்த்து, நரைத்த தலைகள் இப்போது தொடக்கக் கோட்டில் பெருகியுள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதப் போட்டியில் நானும் நின்றேன். ஆறு மணி என்று அறிவித்த ஓட்டம், சிறப்பு விருந்தினர் வந்து கொடியசைத்தபோது ஏழு இருபது. எட்டாவது கிலோமீட்டரில், கொளுத்தும் வெயிலில், எனக்குக் குளிரெடுத்து மயிர்க்கூச்செறிந்தது. வெப்பத் தளர்ச்சியின் அறிகுறி அது என்று படித்திருந்ததால் நின்றுவிட்டேன். தேநீர்க் கடை அம்மாள் ஒருவர் குடம் நீரைத் தலையில் ஊற்றினார். என்னைக் கடந்து ஓடிய இளைஞர்கள், 'பெரியவருக்கு வயதாகிவிட்டது' என்று நினைத்திருப்பார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

2019-இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் மகளிர் மராத்தானை நள்ளிரவில் தொடங்கியும், 68 பேரில் 40 பேரே முடித்தனர். டோக்கியோ ஒலிம்பிக் மராத்தானைச் சப்போரோவுக்கு மாற்றி, மகளிர் ஓட்டத்தை மேலும் ஒரு மணி நேரம் முன்தள்ளினர். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளுக்கே இந்த நிலை என்றால், ஓய்வூதியர்களைக் காக்க வைப்பது எந்த நியாயம்?

அளவுகோல் ஒன்று உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு ஏழு பங்கு, கதிரவன் வெப்பத்தை வாங்கும் கருங்கோளத்துக்கு இரண்டு பங்கு, சாதாரண வெப்பமானிக்கு ஒரு பங்கு என்று கூட்டி எடுப்பது. 1950-களில் அமெரிக்க மரைன் படைப் பயிற்சி முகாமில் பிறந்த முறை இது. இந்த அளவு 28 பாகையைத் தாண்டினால் நெடுந்தொலைவுப் போட்டியைத் தள்ளிவைக்கச் சொல்கின்றன விளையாட்டு மருத்துவ நெறிமுறைகள். கைக்கு அடக்கமான கருவியே போதும். அதனுடன் முடிவுக் கோட்டருகே பனிக்கட்டி நீர்த் தொட்டி ஒன்றும் வேண்டும். வெப்பத் தாக்குற்றவரை முதலில் குளிர்வித்து, பின்பே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பதக்கங்களுக்கும் பதாகைகளுக்கும் ஆகும் செலவில் இது சிறு பகுதிதான். சிறப்பு விருந்தினர் பரிசளிப்புக்கு வந்தால் போதாதா?

அந்த ஏப்ரலுக்குப் பின் ஓட்டத்தை நான் நிறுத்தவில்லை. தொலைவைக் குறைத்து, மேடுகளில் நடந்து, கோடையைக் கடத்தினேன். இந்த ஜனவரியில் அதே குழித்துறைப் பாதையில் மீண்டும் கடிகாரத்துடன் ஓடினேன். 64 நிமிடம் 41 விநாடி. ஃபேரின் கணக்கைவிட மூன்று விநாடி கூடுதல். அதைப் பாலத்தருகே கடக்க வந்த ஒரு மீன் வண்டியின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.