கிறிஸ்துமஸ் தாத்தாவை கோகோ கோலா உருவாக்கியதா? வரதட்சணையில் தொடங்கிய கதை!

சிவப்பு கோட், வெள்ளைத் தாடி, தோளில் மூட்டை. டிசம்பர் வந்தாலே மால் வாசலில் செல்ஃபிக்கு நிற்கும் இந்தத் தாத்தா கோகோ கோலாவின் கண்டுபிடிப்பு என்று வருஷா வருஷம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரும். உண்மைக் கதை அதைவிட ரொம்பப் பழசு.

துருக்கியின் தென் கடற்கரையில் டெம்ரே என்று ஒரு ஊர். பழைய பெயர் மைரா. 4-ம் நூற்றாண்டில் அங்கே பிஷப்பாக இருந்தவர் நிக்கோலஸ். அவரைப் பற்றிக் கிடைக்கும் வரலாறு கொஞ்சம்தான், கதைகள்தான் ஏராளம்.

அதில் ரொம்பப் பிரபலமானது இது. நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று மகள்கள். வரதட்சணை கொடுக்கப் பணமில்லை (நமக்குப் புதுசா என்ன?). பெண்களைப் பாலியல் தொழிலில் தள்ளிவிடலாம் என்ற முடிவுக்கே அப்பா வந்துவிடுகிறார். விஷயம் நிக்கோலஸ் காதுக்குப் போகிறது. ராத்திரியோடு ராத்திரியாக ஜன்னல் வழியே ஒரு பை தங்கக் காசுகளைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. அடுத்தவளுக்கும் அப்படியே. மூன்றாவது முறை, தூங்காமல் காத்திருந்த அப்பா பின்னாலேயே ஓடிப்போய் ஆளைப் பிடித்துவிடுகிறார். 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது' என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார் நிக்கோலஸ். காயப்போட்ட காலுறைக்குள் காசு விழுந்தது என்பதெல்லாம் பிற்பாடு சேர்ந்த மசாலா.

1087-ல் இத்தாலிய மாலுமிகள் அவருடைய எலும்புகளை மைராவிலிருந்து பாரி நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவில் அவர் புகழ் இன்னும் பரவியது. டச்சுக்காரர்கள் 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆனது.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. அதைக் கிறிஸ்துமஸ் இரவோடு கோத்ததில் 1823-ல் நியூயார்க் மாகாணப் பத்திரிகை ஒன்றில் வந்த கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு. எட்டுக் கலைமான்கள் இழுக்கும் வண்டியும் புகைபோக்கி வழியாக இறங்கும் குண்டுத் தாத்தாவும் அதில் வந்துவிட்டார்கள். 1863 முதல் கார்ட்டூனிஸ்ட் தாமஸ் நாஸ்ட் அவரை வரைந்து வரைந்தே ஒரு முகம் கொடுத்தார்.

அப்போ கோகோ கோலா? அவர்களுக்காக ஹாடன் சண்ட்ப்ளோம் சாண்டாவை வரையத் தொடங்கியது 1931-ல்தான். சிவப்பு உடுப்பு அதற்கு முன்பே பத்திரிகை அட்டைகளில் வந்தாச்சு. அந்த உருவத்தை உலகமெல்லாம் கொண்டுபோனதில் விளம்பரத்துக்குப் பங்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய தேவாலய ஓவியங்களில் நிக்கோலஸிடம் பொம்மை மூட்டை கிடையாது. பல ஓவியங்களில் அவரோடு இருப்பது மூன்று தங்க உருண்டைகள், அந்த மூன்று மகள்களுக்கானவை.